ஒரே மார்க்குக்கு எந்த ரேங்க்? எக்செல்லோடு பல வருடப் பழக்கம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டியூஷன் சென்டருக்குப் பல வருடமாக மார்க் பட்டியல் போட்டுக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பு, ஐந்து பாடம், மொத்தம் 500. கூட்டுவதில் வம்பே கிடையாது. இரண்டு பிள்ளைகள் ஒரே மொத்தம் எடுத்துவிட்டால்தான் பிரச்சினை. பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. டியூஷன் வாசல் ஃப்ளெக்ஸ் அதையெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை.

எக்செல்லின் பழைய ரேங்க் ஃபங்ஷன் இன்னமும் வேலை செய்கிறது. 2010 பதிப்பில் ரேங்க்.ஈக்யூ, ரேங்க்.ஏவிஜி என்று இரண்டைச் சேர்த்தார்கள். ஈக்யூ செய்வது பழைய ரேங்க் செய்ததையேதான். மொத்தங்கள் 487, 481, 481, 476 என்றால் 1, 2, 2, 4 கொடுக்கும். ஏவிஜி நடு இருவருக்கும் 2, 3 இரண்டின் சராசரியான 2.5 போடும். இரண்டு தரவரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் ஸ்பியர்மேன் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடும் புள்ளியியல் மாணவர்களுக்கு அது அவசியம். ரேங்க் கார்டில் இரண்டரை என்று அச்சடித்து யாரிடம் நீட்டுவது?

ஈக்யூவிலும் சண்டை உண்டு. "நாலாவது ரேங்க்னு போட்டிருக்கீங்க, மூணாவது யாருன்னு தேடினா ஆளே இல்லையே சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். "மேல மூணு பேர் இருக்காங்கம்மா" என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. அவர் கேட்டது 1, 2, 2, 3 என்று இடைவெளி விடாத ரேங்க். அதற்கெனத் தனி ஃபங்ஷன் இல்லை. பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட்டுக்குள், ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் வைத்து எழுத வேண்டும்: நமக்கு மேலே இருக்கும் ஒவ்வொருவரையும், அவர் மார்க்கை எத்தனை பேர் எடுத்தார்களோ அந்த எண்ணால் வகுத்துக் கூட்டி, ஒன்று சேர்ப்பது. 481 எடுத்த இருவரும் ஆளுக்கு அரையாகி, சேர்ந்து ஒன்றாக எண்ணப்படுவார்கள். அழகான கணக்குதான், ஆனால் நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யத்தால் வகுத்த பிழை எல்லா வரிசையிலும் வந்து நிற்கும். எக்செல் 2021 அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் யுனிக் (ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் எடுப்பது), சார்ட் (வரிசைப்படுத்துவது), மேட்ச் (இடத்தைத் தேடுவது) மூன்றையும் கோத்து இதையே சுலபமாக எடுக்கலாம்.

அடுத்த வழிதான் ரொம்பப் பிரபலம். எனக்கு அதன்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. ரேங்க்கோடு, முதல் வரிசையிலிருந்து தன் வரிசை வரை அதே மார்க் எத்தனை முறை வந்தது என்று எண்ணும் கவுண்ட்இஃப்பைக் கூட்டி ஒன்றைக் கழிப்பது. யாருக்கும் ஒரே ரேங்க் வராது. ஆனால் இங்கே சமனை உடைப்பது மார்க் இல்லை, பட்டியலில் பெயர் இருக்கும் இடம். எங்கள் வருகைப் பதிவேடு அகர வரிசை. அதனால் அபிநயாவும் வினோதினியும் எப்போது சமமாக எடுத்தாலும் அபிநயாதான் முன்னால் நிற்பாள். பட்டியலைத் தலைகீழாக வரிசைப்படுத்திப் பாருங்கள், ரேங்க்கும் இடம் மாறும்.

அதற்காக அந்த சூத்திரத்தைத் தூக்கிப் போடவும் முடியாது. முதல் பத்துப் பேர் பட்டியலை, ரேங்க்கைத் தேடி அதற்குரிய பெயரை எடுக்கும் விலுக்கப்பாலோ இன்டெக்ஸ்–மேட்ச்சாலோ இழுக்கும்போது, இரண்டு 2 இருந்தால் முதல் ஆள் மட்டுமே வருவார். 3 இருக்க வேண்டிய இடத்தில் பிழை வரும். அதனால் என் கோப்பில் இரண்டு நெடுவரிசைகள். மறைத்து வைத்த ஒன்றில் கவுண்ட்இஃப் சேர்த்த தனி எண், ஆளைத் தேடி எடுக்க மட்டும். அச்சில் வருவது எப்போதும் ஈக்யூ.

ஒரே ஒரு பரிசு, அதற்கு இருவர் என்றால் ஏதாவது ஒரு விதியால் உடைத்துத்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கட்-ஆஃப் சமமானால் முதலில் கணிதம், அப்புறம் இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ரேண்டம் எண் வரை செல்கிறார்கள். நாங்களும் கணிதத்தை வைத்தோம். (தமிழ் ஐயா இன்னும் மனம் ஆறவில்லை.) இதற்குப் பல நிபந்தனைகளை ஒன்றாகப் பார்த்து எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் போதும்: மொத்தம் அதிகம் உள்ளவர்கள், கூடவே மொத்தம் சமமாகிக் கணிதத்தில் அதிகம் உள்ளவர்கள், கூட ஒன்று. கணிதமும் சமமென்றால் இருவருக்கும் அதே ரேங்க். இந்த விதியைத் தேர்வுக்கு முன்பே பலகையில் எழுதி ஒட்டிவிட வேண்டும். மார்க் வந்த பிறகு சொன்னால் யாருக்கோ சாதகம் செய்ததாகத்தான் பேச்சு வரும்.

பாண்டிச்சேரியில் ஒரு கோலப் போட்டிக்கு நடுவர்களின் மதிப்பெண்ணைத் தொகுத்தபோது வேறொரு கூத்து. 8.1, 7.9 என்று புள்ளி வைத்த எண்கள். இரண்டு பேரின் மொத்தம் கண்ணுக்கு ஒன்றேதான், சமக்குறி போட்டுக் கேட்டாலும் ஆம் என்கிறது, ரேங்க் மட்டும் 3, 4 என்று பிரிகிறது. 0.1 போன்ற எண்களைக் கணினியின் இரும எண்முறையில் முழுசாக எழுத முடியாது. கடைசி இலக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளி வித்தியாசத்தைச் சமக்குறி கண்டுகொள்ளாது, ரேங்க் விடாது. மொத்தத்தை ரவுண்ட் ஃபங்ஷனுக்குள் போட்டு ஒரு தசம இடத்தில் நிறுத்தினால் சரியாகிவிடும்.

தேர்வுக்கு வராத பிள்ளைக்கு பூஜ்யம் போடாதீர்கள். வராதவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கடைசி ரேங்க்கில் உட்காருவார்கள். மொத்தத்தில் 'ஏபி' (ஆப்சென்ட்) என்று எழுத்தாக வைத்தால் மற்றவர்களின் ரேங்க் பாதிக்காது. அந்த ஒரு கட்டத்தில் வரும் பிழையை இஃப்எரர் போட்டுக் கோடாக மாற்றிக்கொள்ளலாம்.