மெலடோனின் ஜிஎன்ஆர்எச் கலத்தை நேரா தொடுதா, சுத்தி வந்து தொடுதா?

எங்கட மட்டக்களப்புல ஏ.எல் பயோ படிக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேக்கிற கேள்வி இது. இருட்டுல பினியல் சுரப்பி விடுற மெலடோனின், இனப்பெருக்க ஓமோன்களைக் கட்டுப்படுத்துற ஜிஎன்ஆர்எச் எண்ட ஓமோனைச் சுரக்கிற நரம்புக்கலத்துல நேரா போய் வேலை செய்யுதா, இல்ல வேற கலங்களுக்கூடாகவா? ரெண்டு பக்கமும் ஆதாரம் கிடக்கு, ஆனா என்ட மனசு சுத்துப் பாதையிலதான் நிக்குது.

முதல்ல நேர்ப் பாதை. இதுக்குப் பெரிய சாட்சி ஜிடி1-7 எண்ட கலங்கள், 1990ல சுண்டெலியிட ஹைபோதலமஸ் எண்ட மூளைப் பகுதியில கட்டி உண்டாக்கி அதுல இருந்து எடுத்தது, டிஷ்ல வளக்கலாம், ஜிஎன்ஆர்எச்சும் சுரக்கும். அதுல மெலடோனினைப் பிடிக்கிற எம்டி1, எம்டி2 ரெண்டு ரிசெப்டரும் இருக்கு, மெலடோனினை விட்டா ஜிஎன்ஆர்எச் ஜீன்ட வேலை குறையுது. உயிரோட இருக்கிற சுண்டெலியில ஜிஎன்ஆர்எச் கலம் ஆயிரம் அளவுலதான், அதுவும் சிதறிக் கிடக்கும், அதால டிஷ்ல பாத்ததே பெரிய விசயம்தான். ஆனா அது ஓயாம பெருகிற கட்டிக் கலம், அத வச்சு முழு மூளைக்கும் தீர்ப்புச் சொல்ல ஏலாது.

உயிருள்ள விலங்குல மெலடோனின் ரிசெப்டர் அடர்த்தியா கிடக்கிறது வேற இடத்துல, கபச்சுரப்பித் தண்டைச் சுத்தி இருக்கிற பார்ஸ் டியூபராலிஸ்ல. சுத்துப் பாதை அங்கதான் தொடங்குது. இரவு நீண்டா மெலடோனினும் கூட நேரம் இரத்தத்துல நிக்கும், அங்க டிஎஸ்எச் எண்ட தைரொயிட்டைத் தூண்டுற ஓமோன் குறையும். இந்த டிஎஸ்எச் நாங்க படிச்ச மாதிரி கீழ தைரொயிட்டுக்குப் போறதில்ல, மேல மூளைக்குப் போகுது, மூன்றாம் மூளையறைச் சுவர்ல இருக்கிற டானிசைட் கலங்கள்ல டையோ2 எண்ட நொதியைக் கூட்டி டி4 எண்ட தைரொயிட் ஓமோனை வேகமா வேலை செய்யிற டி3 ஆக்குது, அந்த டி3 கிஸ்பெப்டின் கலங்களை மாத்துது, கிஸ்பெப்டின்தான் ஜிஎன்ஆர்எச் கலத்தைத் தட்டி எழுப்புற ஆள்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது ஹாம்ஸ்டர் எண்ட எலி மாதிரிப் பிராணியும் செம்மறியும். நீண்ட இரவு மெலடோனின் ஹாம்ஸ்டர்ட விதையைச் சுருக்குது, அதே மெலடோனின் செம்மறிக்கு இனப்பெருக்கக் காலத்தைத் தொடக்குது. ஜிஎன்ஆர்எச் கலத்தை நேரா அடக்கிற பொருள் எண்டா செம்மறியில எப்பிடி எதிர்மாறா வரும்? ஆனா ரெண்டுலயும் டிஎஸ்எச் குறையிற படி ஒண்டுதான், அதுக்குக் கீழதான் பாதை பிரியுது. குறுகிய பகல்ல வச்ச ஹாம்ஸ்டர்ட மூளையறைக்குள்ள டிஎஸ்எச் விட்டுப் பாத்தாங்க, மெலடோனின் அப்பிடியே இருக்க விதை திரும்ப வளந்துது. இதவிடப் பலமான சோதனை நேர்ப் பாதைக்காரர்ட கையில இல்ல.

எங்கட ஊர் ஆட்டுல இத நேர பாக்க ஏலாது. மட்டக்களப்பு ஏழரைப் பாகை அட்சக்கோட்டுக்குக் கொஞ்சம் மேல, ஆக நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அதால ஏறாவூர், செங்கலடிப் பக்கம் ஆடு எந்த மாசமும் குட்டி போடும், மாரி மழைக்குப் பிறகு புல்லு கூடினா நல்லா போடும். ஐரோப்பாவில செம்மறிக்குக் காதடியில 18 மில்லிகிராம் மெலடோனின் வச்சுக் காலத்தை முன்னுக்குக் கொண்டு வாறாங்க, இஞ்ச அதுக்குத் தேவையே இல்ல.

கோழிக்கூட்டுல பல்ப் போட்டு முட்டை கூட்டுறமே, அதையும் பிள்ளைகள் இழுப்பாங்க. பறவையில வெளிச்சம் மண்டையோட்டுக்கூடாக மூளைக்குள்ளயே உணரப்படுது, கதை வேற. 2000ல யப்பான்ல காடையில கண்ட ஜிஎன்ஐஎச் எண்ட தடுப்பு ஓமோனை மெலடோனின் நேரா கூட்டுது, ஆனா அங்கயும் தொடுறது ஜிஎன்ஐஎச் கலத்தைத்தான், ஜிஎன்ஆர்எச்ச இல்ல.

மனுசருக்கு, பெண்களிட்ட நாளுக்கு 300 மில்லிகிராம் மெலடோனின் குடுத்துப் பாத்த ஆய்வுல, முட்டை வெளிவரத் தூண்டுற எல்எச் ஓமோன் குறைஞ்சது. வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரர் கொண்டு வாற மெலடோனின் நித்திரைக் குளிசை 3, 5 மில்லிகிராம்தான், அத இதோட ஒப்பிட்டுப் பயப்பட வேணாம். ஆனா பிள்ளைக்கு முயற்சி செய்யிற ஆக்கள் டொக்டரிட்ட கேக்காம அதையும் போட வேணாம்.