ரைஃபிள் ஜீரோ: 100 கஜமா, 200 கஜமா, 3 அங்குலம் உயரமா?

திறந்த புல்வெளியில் ஒரு புராங்ஹார்ன் (வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும், மான் போன்ற விலங்கு) 120 கஜத்திலும் நிற்கும், 330 கஜத்திலும் நிற்கும். ஸ்கோப்பை எந்தத் தூரத்துக்கு ஜீரோ செய்துவைக்க வேண்டும், அதாவது எந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்ய வேண்டும் என்ற கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க .270 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம்: 130 கிரெய்ன் (சுமார் 8.4 கிராம்) குண்டு, வினாடிக்குச் சுமார் 3,060 அடி வேகம், குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலத்தில் ஸ்கோப்.

100 கஜத்தில் ஜீரோ வைத்தால் 200இல் குண்டு ஏறக்குறைய 3 அங்குலம் இறங்கும், 300இல் பத்தரை, 400இல் இரண்டு அடி. தூரத்தை லேசர் கருவியில் அளந்து, அதற்கேற்பக் குறியை மாற்ற ஸ்கோப்பின் டயலைத் திருப்பிச் சுடுபவருக்கு இதுதான் சரியான தேர்வு. வெப்பமோ மலை உயரமோ மாறினாலும் 100 கஜத்தில் குண்டு விழும் இடம் பெரிதாக மாறாது. ஆனால் அளந்து, திருப்பி, சுடும் வரை விலங்கு நின்றுகொண்டிருக்க வேண்டும். டயலைத் தொடாதவர்களுக்கு இந்த ஜீரோ வேண்டாம்.

அடுத்தது, 100 கஜத்தில் 3 அங்குலம் மேலே விழும்படி வைப்பது. ஜீரோ சுமார் 275 கஜத்துக்குப் போய்விடும். 300இல் இறக்கம் 2 அங்குலம்தான். லேசர் கருவி இல்லாத காலத்தில், தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டவர்களுக்கு இது பெரிய உதவியாக இருந்தது. எனக்கு இதில் உறுத்துவது நடுத்தூரம். 100 முதல் 200 கஜம் வரை குண்டு 3 அங்குலத்துக்கும் சற்று மேலேயே போகிறது. புராங்ஹார்னின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறக்குறைய 8 அங்குல வட்டம், அதாவது நடுவிலிருந்து 4 அங்குலம். அதில் 3 அங்குலத்தை ஜீரோவே தின்றுவிட்டது. 100 கஜத்தில் ஒன்றரை அங்குலக் கூட்டம் (ஒரே குறியில் சுட்ட குண்டுகள் விழும் பரப்பின் அகலம்) போடும் ரைஃபிள் 200இல் 3 அங்குலமாக விரியும். அதில் பாதி மேலே போனாலே நாலரை அங்குலம். கை நடுக்கத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்படி மேலே விழும் குண்டு விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடும். அதை ஏற்க மனம் வருவதில்லை.

200 கஜ ஜீரோவில் 100இல் ஒன்றரை அங்குலம் மேலே, 300இல் ஆறரை கீழே. சுமார் 260 கஜம் வரை நெஞ்சின் நடுவில் குறிவைத்து அப்படியே சுடலாம். 300இல் முதுகுக் கோட்டில் குறிவைத்தால் குண்டு உடலின் நடுவுக்கு இறங்கும். அப்புறம் 275 ஜீரோவோடு ஒப்பிட்டால் 300இல் நாம் இழப்பது நாலரை அங்குலம்தான். அதே தூரத்தில் மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 6 அங்குலத்துக்கு மேல் குண்டைத் தள்ளும். அதை எந்த ஜீரோவும் சரிசெய்யாது. டயல் திருப்பாத பெரும்பாலான வேட்டைக்காரர்களுக்கு என் சிபாரிசு 200தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 100 கஜத்தில் மட்டும் சுட்டுவிட்டு மீதியைக் குண்டின் இறக்கத்தைச் சொல்லும் அட்டவணைக்கு விட்டுவிட வேண்டாம். தோட்டாப் பெட்டியில் உள்ள வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. உங்கள் குழல் குட்டையாக இருந்தால் வேகமும் குறையும். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவை 200இலும் 300இலும் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். 300இல் 8 அங்குல வட்டத்துக்குள் விழவில்லை என்றால், விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை.