நாப், டச் பேனல், ஸ்கிரீன்: கார் ஏசிக்கு எது தோது?

பட்ஜெட் முடிவு செய்து, மைலேஜ், டிக்கி, ஏர்பேக் எல்லாம் அலசி ஒரு மாடலைப் பிடித்த பிறகும் கடைசியில் வேரியன்டில் வந்து மாட்டிக்கொள்வோம். இன்று பல மாடல்களில் கீழ், நடு வேரியன்டுகளில் ஏசிக்கு மூன்று நாப் இருக்கும்: ஒன்று குளிருக்கு, ஒன்று ஃபேனுக்கு, ஒன்று காற்று போகும் திசைக்கு. மேல் வேரியன்டுக்குப் போனால் அவை காணாமல் போய், தொட்டால் வேலை செய்யும் வழுவழுப்பான கறுப்புப் பட்டை ஒன்று வந்துவிடும். சில வண்டிகளில் அந்தப் பட்டையும் கிடையாது. ஏசி மொத்தமும் நடு ஸ்கிரீனுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் நாப் வைத்த வண்டியைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்கிரீனுக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். மேப், ரிவர்ஸ் கேமரா, போன் இணைப்பு இவற்றுக்கெல்லாம் ஸ்கிரீன் வேண்டும். அதில் சண்டையே இல்லை. டேஷ்போர்டும் பார்க்க அகலமாக, சுத்தமாகத் தெரியும். கம்பெனிக்கும் ஆதாயம். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி அச்சு, சுவிட்ச், வயரிங் என்று செய்ய வேண்டியதில்லை. ஒரே ஸ்கிரீனை நாலு மாடலுக்குப் போட்டு, சாஃப்ட்வேரில் மட்டும் படத்தை மாற்றிக்கொள்ளலாம். ஷோரூமில் நமக்குப் ‘பிரீமியம்’ என்று தெரிவதில் பாதி, செய்கிறவருக்குச் சிக்கனம்.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு ஒரே விஷயத்தில்தான் இருக்கிறது: ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வேலை நடக்கிறதா, இல்லையா. இருட்டில் வீட்டுக்குள் நுழைந்ததும் கை தானாகச் சுவிட்ச் போர்டுக்குப் போகிறதே, நாப் அந்த ரகம். இருக்கும் இடம் மாறாது. உருவம் விரலுக்குத் தெரியும். திருகினால் ஒவ்வொரு படியாக ‘டிக்’ என்று நகரும், எல்லை வந்தால் நின்றுவிடும். ஃபேன் இரண்டு படி குறைந்ததா என்பதை விரலே சொல்லிவிடும். கண்ணாடித் தட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. எங்கே தொடுவது என்று கண் தேட வேண்டும். தொட்ட பிறகு பட்டதா, படவில்லையா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறது. இரண்டு நொடி குனிந்து பார்த்தால் 55 மீட்டர் குருட்டோட்டம். சேலம் பைபாஸில் அந்த 55 மீட்டருக்குள் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு பைக் தாராளமாகக் குறுக்கே வந்துவிடும்.

அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2013-ல் கொடுத்த வழிகாட்டுதலிலும் இதே 2 நொடிதான் கோடு. காரில் பொருத்திய கருவியை இயக்க ஒரு பார்வை சராசரியாக 2 நொடிக்குள் முடிய வேண்டும். ஒரு வேலைக்கு மொத்தமாகவே 12 நொடிதான்.

இதை வண்டி வைத்தே அளந்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். ‘வி பீலேகரே’ என்ற கார் பத்திரிகை 2022-ல் பதினொரு புது வண்டிகளையும், கூடவே 2005-ம் வருடத்து வோல்வோ வி70 ஒன்றையும் விமான ஓடுதளத்தில் ஓட விட்டது. வேகம் 110 கிலோமீட்டர். ஓட்டுகிறவர் போகிற போக்கில் நாலு வேலை செய்ய வேண்டும்: சூட்டைக் கூட்டுவது, ரேடியோ மாற்றுவது, டிரிப் மீட்டரை ரீசெட் செய்வது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைப்பது என்ற மாதிரி வேலைகள். வண்டியைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே நேரமும் கொடுத்தார்கள். பட்டன் நிறைந்த பழைய வோல்வோவில் 10 நொடி, 306 மீட்டரில் முடிந்தது. கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் வண்டியில் 44.6 நொடி, 1,372 மீட்டர். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே பரீட்சையில் பெரிய ஸ்கிரீன் வைத்த வோல்வோ சி40 சுமார் 14 நொடியில் முடித்தது. ஆக, ஸ்கிரீன் என்றாலே மோசம் என்று முத்திரை குத்த முடியாது. அதை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதும் கணக்கு. ஆனால் நல்லபடி அடுக்கிய ஸ்கிரீன்கூட பதினேழு வருடப் பழைய பட்டனை முந்தவில்லை.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சிக்கல். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதால் ஸ்கிரீனைத் தொடுவது இடது கை. நம்மில் பெரும்பாலானோர் வலது கைப் பழக்கக்காரர்கள். பழகாத கையை அந்தரத்தில் நீட்டி, குழியில் இறங்கி ஏறுகிற வண்டியில், நகம் அளவுள்ள ஒரு படத்தைக் குறிபார்த்துத் தொட வேண்டும். ஏசி மொத்தமும் ஸ்கிரீனுக்குள் இருக்கிற மச்சான் வண்டியில் குளிரை 23-லிருந்து 24 ஆக்கப் போய், சீட்டைக் குளிர்விக்கும் ஃபேன் ஓட ஆரம்பித்தது. நாப்புக்குக் குறி தேவையில்லை; உள்ளங்கையோடு பிடித்துக்கொள்ளலாம். வண்டி ஆடினால் அதுவே கைக்குப் பிடிமானம். ஸ்கிரீனைப் புகழும் வெளிநாட்டு விமர்சனங்களில் பல இடது ஸ்டீயரிங் வண்டியில், இழைத்த ரோட்டில் எழுதியவை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் மழையில் மலை ஏற வேண்டும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே குளிர், உள்ளே நாலு பேர் மூச்சு. முன் கண்ணாடி உள்பக்கம் பால் ஊற்றினாற்போல் மூடிவிடும். அப்போது மூன்று காரியம் சேர்ந்து நடக்க வேண்டும். காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். ரீசர்குலேஷனை, அதாவது உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்ற விடுவதை, அணைத்து வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். ஏசியையும் போட வேண்டும். குளிருக்கு இல்லை, காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க. என் வண்டியில் திசை நாப்பை வலது பக்கம் முட்டுகிற வரை திருகினால் காற்று முன் கண்ணாடிக்குப் போய்விடும். பக்கத்திலேயே ஏசி பட்டன், அதற்குக் கீழே ரீசர்குலேஷனுக்கு ஒரு தள்ளு நெம்பு. பார்வை வளைவிலேயே இருக்கும்.

மச்சான் வண்டியில் மேப் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஏசி பக்கத்துக்குப் போக ஒரு தொடுதல். அது திறக்க அரை நொடி. பிறகு திசைக்கு ஒன்று, வெளிக்காற்றுக்கு ஒன்று. அதற்குள் பதற்றத்தில் கையால் கண்ணாடியைத் துடைத்திருப்போம், விரல் ஈரம். விரல் பட்டதும் ஏற்படும் மின்னூட்ட மாற்றத்தை வைத்து வேலை செய்கிற ஸ்கிரீன் அது. ஈரம் பட்டால் குழம்பும். இதற்காகவே சில கம்பெனிகள் மற்றதையெல்லாம் ஸ்கிரீனுக்குள் தள்ளினாலும் முன் கண்ணாடி மூட்டத்தை நீக்கும் டிஃபாகருக்கு மட்டும் தனி பட்டன் விட்டு வைத்திருக்கின்றன. மேல் வேரியன்ட்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் அந்த ஒரு பட்டன் இருக்கிறதா என்றாவது பார்த்துக்கொள்ளுங்கள். (சென்னைவாசிகளுக்கு: புழுக்கமான இரவில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிப்பது வேறு கதை. அதற்கு வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்தால் போதும்.)

ஜெர்மனியில் இது கோர்ட் படி ஏறியது. மழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் வேகத்தை ஸ்கிரீனில் மாற்றும்போது ரோட்டை விட்டு விலகி மரங்களில் மோதினார். ஸ்கிரீனும் சட்டப்படி ஒரு மின்னணுக் கருவிதான், அதில் கவனம் செலுத்தியது குற்றம் என்று கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. வைப்பரை அங்கே கொண்டுபோய் வைத்தது ஓட்டுகிறவர் இல்லை, தண்டனை அவருக்கு.

ஸ்கிரீன் பக்கத்தில் நிற்பவர்களின் வலுவான வாதம் ஆட்டோ ஏசி. “24 வைத்துவிட்டு மறந்துவிடு, எதற்கு அடிக்கடி தொட வேண்டும்?” என்று மச்சான் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீண்ட பயணத்தில் அது உண்மையிலேயே சுகம். ஆனால் முன்னால் குப்பை லாரி வந்தால் ரீசர்குலேஷனைப் போட வேண்டும் என்று பெரும்பாலான வண்டிகளுக்குத் தானாகத் தெரியாது. பின் சீட்டில் குழந்தை தூங்கிவிட்டது, ஃபேன் சத்தம் குறைய வேண்டும் என்பதும் தெரியாது. மறந்துவிடலாம் என்கிற ஏசியையும் ஒரு பயணத்தில் பலமுறை தொடத்தான் செய்கிறோம். வாய்ஸ் கமாண்டை நான் கொஞ்சம்தான் முயன்றேன். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் வண்டியில் அது எடுபடவில்லை. தனியாக ஓட்டுபவர்களுக்கு உதவலாம்.

நடுவில் நிற்கும் டச் பேனல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கிரீனைவிடப் பரவாயில்லை, ஏனென்றால் இடம் மாறாது, மேப்புக்குப் பின்னால் போய் ஒளியாது. ஆனால் விரலுக்கு ஒன்றும் சொல்லாது. போதாக்குறைக்கு மதிய வெயிலில் பளபளப்பில் எழுத்தே தெரிவதில்லை, கைரேகையும் தூசியும் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன.

இந்தப் பட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரில் நன்றாக ஓடிய ஹோண்டா சிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்த மாடலில் தொடு ஏசி பேனல் பெரிய விளம்பரம். 2020-ல் வந்த அடுத்த தலைமுறையில் சத்தமில்லாமல் நாப் திரும்பிவிட்டது. ஸ்டீயரிங்கிலேயே தொடு பட்டன் வைத்த ஃபோக்ஸ்வாகன், வாடிக்கையாளர்கள் குறைப்பட்டதும் 2022-ல் அழுத்தும் பட்டனுக்கே திரும்புவதாக அறிவித்தது. ஒலி, ஃபேன், இரு பக்கச் சூடு, ஹசார்டு விளக்கு இவற்றுக்கு இனி நிஜ பட்டன் என்று 2025-ல் அதன் வடிவமைப்புத் தலைவரே சொன்னார். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், ஹசார்டு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் நேரடியாக இயக்கும் கட்டுப்பாடு இருந்தால்தான் அதற்கான மதிப்பெண் என்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதை நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

ரிப்பேர் செலவில் என் கை அனுபவம் குறைவு, வண்டி இன்னும் வாரண்டியில்தான் இருக்கிறது. பொதுவாகப் பார்த்தால் ஒரு நாப் போனால் ஒரு நாப்தான் போகும். ஏசியும் ஸ்கிரீனுக்குள் இருந்து, ஸ்கிரீன் கறுத்துவிட்டால், பாட்டோடு குளிரும் கையை விட்டுப் போகும். செகண்ட் ஹேண்ட் விலையில் நிலைமை நேர் எதிர்: மேல் வேரியன்டுக்குத்தான் ஆள் தேடி வருகிறார்கள். இன்றைய தேதிக்கு அந்தப் புள்ளி ஸ்கிரீனுக்கே.

வீட்டில் இந்த விவாதத்தை முடித்தது அம்மா. முன் சீட்டில் உட்கார்ந்தால், “குளிருது கண்ணு” என்று சொல்லிக்கொண்டே நாப்பைத் தானே திருகிவிடுகிறார். மச்சான் வண்டியில் அதே அம்மா, மேப் எங்கேயாவது போய்விடுமோ என்று விரலை நீட்டவே பயந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார்.

நடு வேரியன்ட் எடுத்ததில் எனக்கு ஆட்டோ ஏசி போனது. அது நிஜமான இழப்புதான். இரண்டும் சேர்ந்து வேண்டுமானால் வழி இருக்கிறது: மாருதி பலேனோ, பிரெஸ்ஸா, ஹோண்டா எலிவேட் போன்றவற்றில் ஆட்டோ ஏசியும் கையில் பிடிபடும் பட்டன், நாப்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. எனக்குத் தேவைப்பட்ட அளவுக்கும் பட்ஜெட்டுக்கும் அவை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

டெஸ்ட் டிரைவில் சேல்ஸ்காரர் சன்ரூஃபையும் கேமராவையும்தான் காட்டுவார். வண்டி நிற்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு ஃபேனை இரண்டு படி குறைத்துப் பாருங்கள். பிறகு காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். முடிந்தால் பொழுது சாய்ந்த பிறகு ஒரு ரவுண்டு கேளுங்கள். ஸ்கிரீன் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது அதைக் குறைக்க எத்தனை மெனு திறக்க வேண்டியிருக்கிறது என்பது பகல் டிரைவில் தெரியவே தெரியாது.