கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஜான் இன்னஸ் நம்பர் 3 வாங்கலாமா?

லண்டனில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: தொட்டிச் செடிகளுக்காகப் பையில் விற்கும் இந்த மண் கலவையை வாங்கலாம், ஆனால் பையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் செடி நான்கு வருடம், எல்லாச் செடிக்கும் பொதுவாக விற்கும் மல்ட்டி பர்ப்பஸ் கம்போஸ்ட்டில்தான் இருந்தது. கோடையில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால் போதும், கம்போஸ்ட் சுருங்கித் தொட்டி ஓரத்தை விட்டு விலகிவிடும், அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் ஓரம் வழியாகவே இறங்கி ஓடும், வேர் காய்ந்தே கிடக்கும். போன வருடம் ஏப்ரலில் நம்பர் 3-க்கு மாற்றினேன். இதில் மணலும் களிமண்ணும் கலந்த இருவாட்டி மண் இருப்பதால் ஈரமும் சத்தும் நிற்கிறது. தொட்டியும் கனமாக இருக்கிறது, காற்றுக்குச் சாய்வதில்லை. அந்தக் கோடையிலேயே பக்கக் கிளைகள் வந்துவிட்டன.

பலர் ஜான் இன்னஸ் என்றால் கம்பெனி பெயர் என்று நினைக்கிறார்கள். அது மண் கலக்கும் ஒரு பக்குவம், அவ்வளவுதான். ஜான் இன்னஸ் என்பவர் தென்மேற்கு லண்டனில் உள்ள மெர்ட்டனில் வீடுகள் கட்டி விற்றவர். 1904-ல் இறக்கும்போது அவர் விட்டுப்போன சொத்தில், 1910-ல் அங்கேயே ஒரு தோட்டக்கலை ஆய்வு நிலையம் தொடங்கியது. முதல் இயக்குநர் வில்லியம் பேட்சன், 'ஜெனட்டிக்ஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர். மரபியல் சோதனைக்காக வளர்த்த பிரிமுலா என்ற பூச்செடியின் நாற்றுகள் மண்ணில் இருந்த நோயால் செத்துக்கொண்டே இருக்க, 1930களில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் மண்ணையே சரிசெய்ய இறங்கினார்கள். மண்ணை நீராவியில் சூடாக்கிக் கிருமியைப் போக்கினார்கள். பல கலவைகளைச் சோதித்து, 7 பங்கு இருவாட்டி மண், 3 பங்கு பீட் (சதுப்பு நிலத்தில் தோண்டியெடுக்கும் மட்கிய தாவரம்), 2 பங்கு மணல் என்ற அளவுக்கு வந்தார்கள். உரம் மாட்டுக் கொம்பு குளம்புத் தூள் 2 பங்கு, சூப்பர் பாஸ்பேட் 2 பங்கு, பொட்டாசியம் சல்பேட் 1 பங்கு, கூடவே கொஞ்சம் சுண்ணாம்பு. நம்பர் 1-ஐ விட நம்பர் 3-ல் உரமும் சுண்ணாம்பும் மூன்று மடங்கு. இதை வைத்து அவர்கள் வியாபாரம் செய்யவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டுவிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. சென்னையில் படித்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1940 முதல் 1945 வரை, போர் நடந்த காலத்தில், இந்த மெர்ட்டன் நிலையத்தில்தான் இருந்தார். அங்கிருந்த மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ் என்ற நூலை எழுதியதும் அப்போதுதான். நிலையம் பிறகு ஹெர்ட்ஃபோர்ட்ஷருக்குப் போய், 1967-ல் நாரிச் போய்விட்டது. மெர்ட்டனில் அந்த இடத்தில் இப்போது ரட்லிஷ் பள்ளி, பக்கத்தில் ஜான் இன்னஸ் பார்க். டூட்டிங், மிட்சம் பக்கம் இருப்பவர்கள் ஒரு நடை போய் வாருங்கள், அங்கே ஜானகி அம்மாளை நினைத்துக்கொண்டே நடந்தேன், மனசு நிறைந்துவிட்டது.

சரி, பைக்கு வருவோம். பக்குவம் பொது என்பதால் தரம் செய்கிறவரைப் பொறுத்தது. அடுத்த தொட்டிக்கு வேறொரு கடையில் விலை குறைவாக இருந்த பையை எடுத்தேன், பெயர் வேண்டாம். பிரித்தால் மரப்பட்டைத் துண்டும் மணலும்தான், மண்ணைத் தேட வேண்டியிருந்தது. அதில் வைத்த செடி ஆகஸ்டு வரை அப்படியே நின்றது. பையில் 'லோம்' (இருவாட்டி மண்) என்று முதலில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிப் பாருங்கள், நல்ல பை கனக்கும். பீட் இல்லாத பைகளும் வருகின்றன, சதுப்பு நிலத்தைத் தோண்டாமல் இருக்க அதுதான் நல்லது. சிலவற்றில் பீட்டுக்குப் பதில் தென்னைநார்த் தூள், அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இன்னொன்று, இதில் சுண்ணாம்பு உண்டு, லண்டன் குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு அதிகம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள், என் செடி அதில்தான் தேறியது. சுண்ணாம்பு ஒத்துக்கொள்ளாத கமேலியா, அசேலியாவுக்கு இந்தக் கலவையே வேண்டாம். சின்ன நாற்றுக்கும் நம்பர் 3 வேண்டாம், உரம் அதிகம், நம்பர் 1-ல் வையுங்கள். குளிர்காலத்தில் செடியை வீட்டுக்குள் எடுத்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், இந்த மண் ஈரத்தை லேசில் விடாது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று பைக்குப் பை மாறும் தரத்துக்காகக் குறைத்தது.