எந்த ஓய்வூதியர் சங்கத்தில் சேருவது: துறைச் சங்கமா, அனைத்துத் துறைச் சங்கமா, ஊர்ச் சங்கமா?

பணி நிறைவு விழாவில் மாலையோடு சேர்ந்து இரண்டு மூன்று சங்கப் படிவங்களும் கைக்கு வந்துவிடும். கூட வேலை பார்த்தவர் ஒன்று நீட்டுவார், ஊர்க்காரர் இன்னொன்று நீட்டுவார். யார் நெருக்கமோ அவருடைய படிவத்தில் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் போட்டேன். தமிழ்நாடு அரசின் வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. மூன்று வகைச் சங்கத்திலும் இருந்து பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

"மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறது, சங்கம் எதற்கு?" என்பவர்கள் நகரா வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதியக் கணக்கீடு கிடையாது என்று இருந்தது. ஓய்வூதியர்களை அப்படித் தேதி போட்டுப் பிரிக்கக் கூடாது என்று 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். மனுதாரர்கள் மூவரில் இருவர் ஓய்வூதியர்கள், மூன்றாவது மனுதாரர் பதிவு பெற்ற ஒரு சங்கம். வழக்குக்கு ஒரு அமைப்பு துணை நின்றால் அதன் பலமே தனி.

துறைச் சங்கத்தின் பலமும் இதுதான். பணியாண்டுகளைப் பொறுத்து ஆசிரியருக்குக் கிடைக்கும் தேர்வு நிலை, சிறப்பு நிலை ஊதியக் கணக்கில் வரும் சிக்கல் வருவாய்த் துறைக்காரருக்குப் புரியாது. போக்குவரத்துக் கழகத்தவர் நிலை இன்னும் வேறு. அவர்களுக்கு ஓய்வூதியம் கருவூலத்திலிருந்து வருவதில்லை, 1998-இல் தொடங்கிய தனி அறக்கட்டளையிலிருந்து வருகிறது. 2015 நவம்பருக்குப் பிறகு அகவிலைப்படி உயர்வு நின்றுபோய், வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். அங்கே ஓய்வு பெற்றவர்கள் யோசிக்கவே வேண்டாம், முதலில் துறைச் சங்கம். இன்னொன்று, சில தீர்ப்புகளின் பலன் மனுப் போட்டவர்களுக்கு மட்டும் என்று நின்றுவிடும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் பணம். அதற்காகவே என் துறைச் சங்கச் சந்தாவை விடாமல் கட்டுகிறேன்.

ஆனால் துறைச் சங்கம் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடுகிறது. வருடத்துக்கு ஒரு பேரவை, ஒரு மதியச் சாப்பாடு. தாலுகாவில் இருப்பவருக்கு அவசரம் என்றால் ஆள் கிடையாது.

அனைத்துத் துறைச் சங்கத்தின் பலம் எண்ணிக்கை. அகவிலைப்படி, ஓய்வின்போது மொத்தமாக முன்கூட்டி வாங்கிய (தொகுத்துப் பெற்ற) ஓய்வூதியத்துக்கான மாதப் பிடித்தத்தை 15 ஆண்டுக்குப் பதில் 12 ஆண்டில் நிறுத்துவது, 80 வயதில் கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் ஓய்வூதியம் போல 70-லேயே 10 சதவீதம் தருவது போன்ற கோரிக்கைகள் எல்லாம் எல்லோருக்கும் பொதுவானவை. மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். 2022 ஜூலையில் வந்த திட்டத்துக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். கட்டணமில்லாச் சிகிச்சை என்று சொல்லிவிட்டு மருத்துவமனையில் முன்பணம் கேட்டால், தனி ஆள் கத்திப் பயனில்லை. செலவுத் தொகையைத் திரும்பப் பெற ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்த ரசீதை இணைப்பது என்று இந்தச் சங்கத்தவர்களுக்கு மனப்பாடம். குறை என்றால், ஒரே மாதிரிப் பெயரில் பல சங்கங்கள் இருப்பதும், அவை பிரிந்து போராடுவதும்தான். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஊர்ச் சங்கத்தை நான் ரொம்ப நாள் மதிக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கல் தீர்மானமும் போடும் இடம் என்று நினைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வூதியர் இறந்த பிறகு எண்ணம் மாறியது. அவர் மனைவி மஞ்சள் பையில் காகிதங்களோடு மூன்று தடவை அலுவலகம் போய்த் திரும்பினார். ஓய்வூதியக் கொடுப்பாணையில் அவர் பெயருக்கு முன் அப்பாவின் முதல் எழுத்து, ஆதாரில் கணவருடையது. "இது நீங்கதானான்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு மாதம் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் கணக்கராக இருந்தவர். அந்த அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்து காகிதங்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கான சான்றுக்கு அங்கேயே மனு எழுதினார். மறுநாள் அவரே கூடப் போனார். அடுத்த மாதம் நிலுவையோடு பணம் வந்தது. ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்குத் தரும் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கே தெரிந்தது.

நமக்கு ஓய்வூதியம் வாங்கிக்கொடுக்கச் சங்கம் தேவையில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் வருடாந்திர நேர்காணலுக்குக்கூட இப்போது தபால்காரர் 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து டிஜிட்டல் சான்று எடுத்துவிடுகிறார். நாம் போன பிறகு கணவரோ மனைவியோ தனியாக அந்தப் படியேறும்போதுதான் சங்கம் வேண்டும். கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்று அவர்கள் வருமானம் குறையும் நேரமும் அதுதான்.

அதனால் என் கணக்கு இதுதான். துறையில் தீராத வழக்கோ தனிச் சிக்கலோ இருந்தால் துறைச் சங்கம் முதலில். இல்லாவிட்டால், உங்கள் தாலுகாவில் உண்மையாகவே கிளை நடத்தும் அனைத்துத் துறைச் சங்கம். கிளை பெயரளவில்தான் என்றால் ஊர்ச் சங்கம். இரண்டில் சேருவதும் தப்பில்லை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்து, சம்பளத்தில் பங்கு பிடிக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வு பெறுகிறவர்களின் கோரிக்கையே வேறு. அவர்கள், தங்களைப் போன்றவர்களை உறுப்பினராகச் சேர்க்கிறார்களா, தங்கள் கோரிக்கை தீர்மானத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆயுள் சந்தாவை உடனே கட்டிவிடாதீர்கள். முதல் வருடம் ஆண்டுச் சந்தா போதும். 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறதா, போன வருடத் தணிக்கைக் கணக்கு பொதுக்குழுவில் வைத்தார்களா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். அப்புறம், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை குடும்ப ஓய்வூதிய மனுவுக்கு உதவினீர்கள் என்று கேளுங்கள். நல்ல செயலாளர் நோட்டைத் திறந்து காட்டுவார்.

முதல் கூட்டத்துக்கு உங்கள் கணவரையோ மனைவியையோ அழைத்துப் போங்கள். செயலாளரின் எண் அவருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும்.