இன்ஜின் மாற்றிய கோ-கார்ட் பந்தய வண்டிக்கு 219 எண் சங்கிலிக்கான ஸ்ப்ராக்கெட் தொகுப்பு: மதிப்புரை

நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்கு மேல் ஏறாத ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றிவிட்டு, 14,000 சுழற்சி வரை ஏறும் 125 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜினைப் பொருத்துபவர்கள் ஸ்ப்ராக்கெட்டுகளின் (சங்கிலி ஓடும் பற்சக்கரங்களின்) பழைய பற்களின் விகிதத்தையே வைத்துக்கொள்ள முடியாது. முன்னே இன்ஜினில் 16 பற்கள், பின்னே அச்சில் 64 பற்கள் என்ற 4.0 விகிதம், 28 செ.மீ. விட்டமுள்ள டயரில், ஏட்டுக் கணக்குக்கு மணிக்கு 185 கிலோமீட்டர் தரும்; நடைமுறையில் இன்ஜின் அந்தச் சுழற்சியை எட்டுவதே இல்லை, ஒவ்வொரு வளைவிலிருந்தும் கிளட்ச் வழுக்கிச் சூடேறுவதுதான் மிச்சம். முன்னே 11, பின்னே 82 என்று மாற்றினால் விகிதம் 7.45 ஆகி, உச்ச வேகம் மணிக்கு 99 கிலோமீட்டர் அளவில் அமைகிறது.

நான் வாங்கிய அலுமினியத் தொகுப்பில் 78 முதல் 84 பற்கள் வரையுள்ள பின்புற ஸ்ப்ராக்கெட்டுகள் உள்ளன. இரு பாதிகளாகப் பிரிவதால் அச்சைக் கழற்றாமலே மாற்றலாம் என்பது, தடத்தோரம் குனிந்து வேலை செய்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. முன்புறம் ஒரு பல்லைக் கூட்டுவது பின்புறம் ஏறக்குறைய ஏழு பற்களைக் குறைப்பதற்குச் சமம் என்பதால், நுணுக்கமான திருத்தத்துக்குப் பின்புறத் தொகுப்பே உதவும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இன்ஜின் எட்டும் உச்சச் சுழற்சியைப் பார்த்து, ஒவ்வொரு பல்லாகத் திருத்துவதே முறை.

குறை உண்டு. இரு பாதிகளும் சேரும் இடத்துப் பல்லில் பிசிறு இருந்ததால் அரம் போட வேண்டியிருந்தது. இந்த விலைக்கு அது சற்று அதிகம்தான். பழைய கார்ட்டில் 35 எண் சங்கிலி இருந்தால், 7.774 மி.மீ. இடைவெளியுள்ள இந்தப் பற்களில் அது உட்காராது. சங்கிலியையும் முன் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.