ஏழு வருடமாக மதியச் சாப்பாடு கட்டுகிறேன்: நாலு வகை டப்பாக்களின் கதை

பெரியவள் ஒன்றாம் வகுப்பு போக ஆரம்பித்த இரண்டாவது வாரம். சாயங்காலம் பையிலிருந்து டப்பாவை எடுத்தால் காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தது. "ஏம்மா சாப்பிடலை?" என்று கேட்டேன். "மூடி வரலைப்பா" என்றாள். மிஸ்ஸிடம் கொடுத்திருக்கலாமே என்றதற்கு, கொடுத்தாளாம், அவர்களாலும் முடியவில்லையாம், அதற்குள் மணி அடித்துவிட்டதாம். நானும் இழுத்துப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பியதும் 'பக்'கென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. மூடி கையோடு வந்துவிட்டது.

அந்தச் சத்தத்திலேயே விஷயம் புரிந்தது. கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு, கையோடு அழுத்தி மூடியது நான்தான். உள்ளே ஆவி நிறைந்திருக்கும். ஆற ஆற அது தண்ணீராகிவிடும், உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியை மேலிருந்து அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிலிகான் வளையம் எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு கெட்டியாக ஒட்டும். ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்று பார்த்துப் பார்த்து வாங்கிய டப்பா அது. கசியத்தான் இல்லை, திறக்கவும் இல்லை.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. சின்னவனும் பள்ளிக்குப் போக ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரம் தடவைக்கு மேல் கட்டியிருப்பேன். புது டப்பா பார்க்கப் போனால் எத்தனை அறை, என்ன படம் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். அதில் சாப்பிடப் போகிறவர் கையில் முதலில் கொடுத்து, திறந்து மூடச் சொல்வேன்.

முதலில் இருந்தது பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தது, அதாவது பாலிப்ரொப்பிலீன். சூடு தாங்கும், கனமே இல்லை, ஆவி அடங்கியபின் மூடினால் குழந்தை சுலபமாகத் திறப்பாள். குறை சொல்ல வேண்டும் என்றால் நாலு பக்கமும் இருக்கிற கிளிப்புகளைத்தான் சொல்வேன். மடிகிற இடம் முதலில் வெளுக்கும், பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். பதினாலு மாதத்தில் இரண்டு போய்விட்டன, ரப்பர் பேண்ட் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினேன். தக்காளிக் கறையும் ஒரு தொல்லை. தக்காளியின் சிவப்பு எண்ணெயில் கரைகிற சாயம், எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்ப்பதை விட்டுவிட்டு நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வைத்தால் பாதிக்கு மேல் வெளுத்துவிடும். இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன், ஜன்னலோரம் மறந்து வைத்த மூடி வெளுத்திருந்தது.

அடுத்து ஒற்றைச் சுவர் ஸ்டீல் டப்பா. 18/8 என்று அடியில் எழுதியிருக்கும். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல், துருப்பிடிக்காமல் இருப்பதன் ரகசியம் அதுதான். ஆறு வருடமாக உழைக்கிறது. வாசனை பிடிக்காது, கறை ஏறாது. கீழே போட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். உடம்பில் நெளிவு விழுந்தால் கவலையில்லை, வாய் நெளிந்தால் மூடி சரியாக உட்காராது. ஒட்டிக்கொள்கிற தொல்லை இதிலும் உண்டு. ஆவி அடங்குகிற வரை, ஒரு பத்து நிமிடம், மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு அப்புறம் அமுக்கி மூடினால் போதும். சூடான ரொட்டியை வைக்கிறபோதும் இப்படிச் செய்தால் வேர்த்து நமுத்துப்போகாது. மூடி நடுவில் குட்டி சிலிகான் குமிழ் வைத்த டப்பாக்களும் வருகின்றன. அதைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி தளர்ந்துவிடும். இரண்டாவதாக வாங்கியது அந்த மாதிரிதான்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது வெப்பம் காக்கிற இரட்டைச் சுவர் டப்பாவோடு. இதன் மூலக் குடுவையை 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி செய்தார். அவருடைய தேவை சூடு இல்லை, குளிர்ந்த திரவங்களைக் குளிர்ச்சி குறையாமல் வைத்திருப்பது. இரண்டு சுவருக்கும் நடுவில் காற்றை எடுத்துவிட்டால் சூடு அந்த வழியாகச் சுலபத்தில் கடக்க முடியாது, உள்ளேயும் வெளியேயும். வாங்கிய புதிதில், "மதியம் சும்மா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு" என்று பெரியவள் தினமும் சொல்ல, டப்பா மட்டம் என்றே முடிவு கட்டினேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் சமையல் வெப்பமானியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலை ஏழே காலுக்குப் போட்டது, பன்னிரண்டரைக்குத் திறந்தது. வழக்கம்போல் அப்படியே போட்டு மூடியதில் 57 டிகிரி. அடுத்த நாள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து நேராக எடுத்துக் கழுத்து வரை நிரப்பினேன். 63 டிகிரி. மூன்றாவது நாள் எல்லாம் அதே மாதிரி, ஆனால் பாதி டப்பா மட்டும். 50-ஐத் தாண்டவில்லை. குழந்தை கொஞ்சமாகச் சாப்பிடுகிறதே என்று பெரிய டப்பாவில் பாதி போடுவதை அன்றோடு நிறுத்தினேன். சின்னதாக ஒன்று வாங்கி நிரம்பக் கொடுத்தேன்.

57-க்கும் 63-க்கும் இவ்வளவு அலட்டலா என்று தோன்றும். ஆனால் அறுபது என்பது சும்மா ஒரு எண் இல்லை. சமைத்ததைச் சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழ், இரண்டும் இல்லாமல் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிப் பை அந்த இரண்டு மணி நேரத்தைக் காலையிலேயே தாண்டிவிடுகிறது. சோறு விஷயத்தில் நான் இன்னும் கறார். அதில் இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாகாது. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்துப் பெருகும். வாந்தி வரவைக்கிற அதன் நச்சு உண்டாகிவிட்டால் திரும்பச் சுட வைத்தாலும் போகாது. அதனால் ராத்திரி வெளியில் கிடந்த சோறு எங்கள் வீட்டு டப்பாவில் ஏறுவதில்லை. சோறு என்றால் காலையில் வடித்தது, இரட்டைச் சுவர் டப்பாவில் மட்டும். ஒற்றைச் சுவரில் போவது ரொட்டி, பழம் மாதிரி தாங்குகிற சாமான்கள். முட்டையோ தயிரோ போனால் கூடவே குளிர்ப்பையும் ஐஸும் போகும். ஐஸ் என்றால் வேறொன்றும் இல்லை, முக்கால் பாட்டில் தண்ணீரை ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிடுவது. உறையும்போது தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், நிறைய ஊற்றினால் பாட்டில் வெடிக்கும். மதியம் உருகியதைக் குடித்துக்கொள்ளலாம்.

இரட்டைச் சுவருக்கு ஆயுள் கெட்டி என்று நினைத்தேன். ஒன்று மூன்று வருடத்தில் செத்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடியில் சின்னதாக ஒரு சொட்டை, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது, இனி அது வெறும் கனமான டப்பா.

அறை பிரித்த தட்டை டப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகு, குழந்தைக்கும் பிடிக்கும். ஐந்து அறை இருந்தால் ஐந்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒரு பைத்தியம் நமக்குப் பிடிக்கும், அதுதான் ஆபத்து. ஈரமான எதையும் வைக்காதீர்கள், பக்கத்து அறைக்குக் குடிபோய்விடும்.

வளையத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தினமும் கழுவுகிறோமே என்று நாலைந்து மாதம் அதைக் கழற்றவே இல்லை. ஒருநாள் மூடியிலிருந்து ஈரத்துணி வாடை வந்தது. பல்குத்தும் குச்சியால் வளையத்தை நெம்பி எடுத்தால், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வளையம் வாங்கினேன். இப்போதெல்லாம் ராத்திரி வளையமும் மூடியும் தனித்தனியாகக் காயும், காலையில்தான் சேரும். மாற்று வளையம் தனியாகக் கிடைக்காத டப்பாவை நான் வாங்குவதில்லை. வளையம் போனால் டப்பாவே போன மாதிரிதான்.

சின்னவன் விஷயத்தில், பெரியவளிடம் பட்ட பாடு படக்கூடாது என்று பள்ளி திறக்குமுன் ஒத்திகை வைத்தேன். பையை மாட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார வேண்டும், கை கழுவ வேண்டும், திறக்க வேண்டும், சாப்பிட வேண்டும், இருபது நிமிடத்தில் எல்லாம். ஜம்மென்று திறந்தான். முதல் நாள் சாயங்காலம் பை முழுக்கக் குழம்பு. திறக்கத்தான் பழக்கியிருந்தேன், மூடப் பழக்கவில்லை! திருகு மூடியைக் கோணலாக வைத்து, சுற்றுகிற வரை சுற்றிவிட்டு, பையில் போட்டுவிட்டான். 'முதலில் பின்பக்கமாகச் சுற்று, டக்கென்று உட்காரும், அப்புறம் முன்பக்கம் சுற்று' என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். அவனுக்கு அப்போது நாலு வயதுதான் என்பதால் திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் கொடுப்பேன். முழுசாகப் போனால் தொண்டையை அப்படியே அடைக்கிற அளவு அது.

ஆப்பிள் கறுத்துத் திரும்பி வராமல் இருக்க ஒரு வழி: நறுக்கியதை லேசான உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துண்டுகளைப் பழையபடி சேர்த்து ரப்பர் பேண்ட் போடுவது. வெட்டிய முகத்தில் காற்றுப் படாது. சின்னவன் இதற்கு 'கட்டுப் போட்ட ஆப்பிள்' என்று பெயர் வைத்திருக்கிறான்.

இப்போது வீட்டில் ஓடுவது மூன்று: சின்னவனுக்கு ஒரு சின்ன இரட்டைச் சுவர், குமிழ் வைத்த ஒன்று, அந்த ஆறு வருடப் பழைய ஸ்டீல். பழையதை யாருக்கும் கொடுக்க மாட்டாள் பெரியவள். அவள் டப்பாவை அவளே கட்டிக்கொள்கிறாள். ரொட்டியைச் சுட்டு அடுக்கி, மூடியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலை பின்னப் போகிறாள். பின்னி முடித்து வந்துதான் அமுக்கி மூடுகிறாள்.